நாலரை மணிக்கு எழுந்தவர்கள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் சாத்தூர் பக்கம். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் அத்தை மகனும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மார்க் எப்போதும் எனக்குத்தான் கூட. இன்று அவனுக்குச் சிவகாசியில் சொந்த அச்சகம் இருக்கிறது. அறுபது பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். நான் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு கல்யாண வீட்டில் "எப்படிடா?" என்று கேட்டதற்கு, "உழைப்பு மாப்ளே, வேற என்ன" என்றான்.

வெற்றி பெற்றவர்களின் பழக்கங்களைப் பற்றிய புத்தகங்களாக வாங்கிப் படிக்கிறேன். எல்லாரும் அதிகாலையில் எழுகிறார்கள். நானும் சில மாதங்களாக நாலரைக்கு எழுகிறேன். மனைவியும் எழுந்து காபி போட்டுத் தருகிறாள். நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒன்றும் மாறவில்லை. வெற்றிக்கு உண்மையான காரணம் என்ன அக்கா? திறமையா, உழைப்பா, அதிர்ஷ்டமா, ஜாதகமா? வேலையை விட்டுவிட்டுத் தொழில் தொடங்கலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரம்தான் ஒரு கல்லூரி ஆண்டு விழாவுக்குப் போய்விட்டு வந்திருந்தேன். எனக்கு முன்னால் பேசிய சிவகாசித் தொழிலதிபர், "எங்க தாத்தா வெறுங்கையோட ஆரம்பிச்சார். உழைப்பைத் தவிர அவர்கிட்ட ஒண்ணுமே கிடையாது" என்றார். பிள்ளைகள் விடாமல் கைதட்டினார்கள். நல்ல மனிதர், பொய் சொல்லுகிறவர் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது வீடு வந்து சேரும்வரை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அங்கே பேச நேரம் கிடைக்கவில்லை. உங்களிடம் பேசிவிடுகிறேன்.

ஜாதகத்தை விட்டுவிடுங்கள். திறமை வேண்டும்தான், அதிர்ஷ்டமும் உண்டுதான். இரண்டைப் பற்றியும் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நாட்குறிப்பு எழுதுவது நல்ல பழக்கம், எழுதுங்கள். நாலரை மணிக்கு எழுவதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாத்தூர் பக்கத்துப் பிள்ளை ஒருவர் அதை வெற்றியின் ரகசியம் என்று எழுதியதைப் படித்ததும் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

உங்கள் அம்மாவைக் கேளுங்கள். எண்பதுகளில் உங்கள் ஊரில் நாலரை மணிக்கு எழுந்தவர்கள் யார் என்று கேளுங்கள். தீப்பெட்டித் தொழிற்சாலையை நம் பக்கம் ஆபீஸ் என்றுதானே சொல்வோம், அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் விடிவதற்கு முன்பே ஊர் ஊராக வரும். மந்தையில் நின்று ஹார்ன் அடிக்கும். அதற்கும் முன்னால், மூன்றரைக்கே, பிள்ளைகளை உலுக்கி எழுப்பி, முகத்தில் தண்ணீர் அடித்து, தூக்குவாளியில் பழையதை ஊற்றிக் கையில் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். எட்டு வயது, பத்து வயது, பெரும்பாலும் பெண் பிள்ளைகள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து பஸ்ஸிலேயே மறுபடி தூங்கும். இருட்டிலே போய் இருட்டிலே திரும்பி வருவார்கள். பல வீடுகளில் ஏஜென்டிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். காய்ச்சல் என்றாலும் அந்தப் பிள்ளை போயாக வேண்டும்.

அங்கே போய் என்ன செய்தார்கள்? மரச்சட்டத்தின் காடிகளில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். அடுக்கிய சட்டத்தைப் பெரியவர்கள் வாங்கிப்போய் மெழுகில் முக்கி, பிறகு மருந்தில் முக்குவார்கள். சட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. நிமிர்ந்து பார்த்தால் கூலி போய்விடும். நுனிவிரல் தடித்துப்போய், சோற்றைத் தொட்டால் சூடு தெரியாது.

உழைப்புதான் காரணம் என்றால், அதிகாலையில் எழுவதுதான் காரணம் என்றால், ஒழுங்கும் விடாமுயற்சியும்தான் காரணம் என்றால், தம்பி, அந்த பஸ்ஸில் போன பெண்கள் இன்று கோடீஸ்வரிகளாக இருக்க வேண்டும். நம் வட்டாரத்தில் அவர்களைவிட ஒழுங்காக, அவர்களைவிட அதிக நேரம், அவர்களைவிடச் சின்ன வயதிலிருந்து உழைத்தவர்கள் யார்? அவர்களில் எத்தனை பேரை எந்த மேடையில் பார்த்திருக்கிறீர்கள்?

ஒருவர் ஒரு காரணம் சொன்னால், அது ஜெயிக்காதவரிடமும் இருந்ததா என்று பாருங்கள். இருந்தது என்றால், அது மட்டும் போதாது என்றுதானே அர்த்தம்? நீங்கள் வாங்கி அடுக்கியிருக்கும் புத்தகங்களை எழுதியவர்கள் ஜெயித்தவர்களின் வீட்டுக் கதவை மட்டும் தட்டியவர்கள். தோற்றவர் வீட்டுக்குள்ளும் போய், ஐயா நீங்கள் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று கேட்டிருந்தால் பாதிப் புத்தகத்தை எழுதியே இருக்க மாட்டார்கள்.

சரி, அந்தத் தாத்தா விஷயத்துக்கு வருகிறேன். சிவகாசிக் கதை உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டியிலிருந்து பட்டாசு. பெட்டிக்கு ஒட்டும் கலர் லேபிளிலிருந்து அச்சுத்தொழில். உங்கள் அத்தை மகனின் அச்சகம் வரைக்கும் அந்தக் கொடிதான் நீண்டு வந்திருக்கிறது. பாஷை தெரியாத ஊரில் போய்த் தங்கி, அடுத்தவன் தொழிலைக் கற்றுக்கொண்டு, வானம் பார்த்த கரிசல் பூமியில் அதை நட்டு வளர்த்தார்களே, அந்தத் துணிச்சலை நான் ஒரு இம்மிகூடக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வெறுங்கை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அதற்கு முன்பே அந்த இளைஞர்களின் நாடார் சமூகத்துக்கு உறவின்முறை என்ற அமைப்பும் மகமை என்ற பொதுப்பணமும் இருந்தன. வியாபாரி ஒவ்வொருவரும் தன் வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுவில் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், வியாபாரிகள் சரக்கோடு தங்கப் பேட்டை கட்டினார்கள், வழக்கு நடத்தினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள். விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையைப் பிடி அரிசிப் பள்ளி என்றே சொல்வார்கள். உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். அந்த அரிசியைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். காமராஜர் படித்தது அங்கேதான். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி ஆரம்பித்தார்கள், இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஆக, ஒரு இளைஞன் புதுத்தொழில் செய்கிறேன் என்று கிளம்பினால் நம்பிக் கடன் கொடுக்க ஆள் இருந்தது. சரக்கு வந்தால் விற்றுக்கொடுக்க ஊர் ஊராக உறவுக்காரர் கடை இருந்தது. நொடித்துப் போனால் திரும்பி வந்து நிற்க ஒரு திண்ணை இருந்தது. இதற்கா வெறுங்கை என்று பெயர்?

அப்புறம் காலமும் கூட நின்றது. 1922இல் அரசாங்கம் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரியை ஏற்றியது. அதனால்தான் ஸ்வீடன் கம்பெனிக்காரர்களே அடுத்த வருஷம் விம்கோ என்ற பெயரில் இங்கே வந்து தொழிற்சாலை போட்டார்கள். 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் தீர்வை வந்தது. பின்னால் கைவேலைத் தீப்பெட்டிக்குக் குறைந்த தீர்வை என்று அரசு சலுகை கொடுத்தது. குச்சி செய்யக் கேரளத்து மட்டி மரம் பக்கத்திலேயே கிடைத்தது. இரண்டாம் உலக யுத்தம் வந்து இறக்குமதிப் பட்டாசு நின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் மழை மறைவு, காற்றில் ஈரமில்லை. அந்த வறட்சியில் குச்சியும் காய்ந்தது, சம்சாரி வயிறும் காய்ந்தது. முன்னது தொழிலுக்குத் தோது. பின்னது அதைவிடத் தோது. ஜெர்மனியிலிருந்து இயந்திரத்தை இறக்கி ஆரம்பித்த தொழில் கடைசியில் கைவேலையாக நிலைத்ததற்கு அந்தக் காய்ந்த வயிறுதான் காரணம்.

பஸ்ஸில் போன அந்தப் பிள்ளைகளுக்காக வழக்குகள் நடந்தன. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பஸ்கள் மெல்ல மெல்ல நின்றன. சந்தோஷம். ஆனால் ஒரு தீப்பெட்டி 14 வருஷம் ஒரே ஒரு ரூபாய்க்கு விற்று, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது என்பதையும் நினைத்துப் பாருங்கள். மருந்து விலை ஏறுகிறது, அட்டை விலை ஏறுகிறது, மெழுகு விலை ஏறுகிறது, பெட்டி விலை மட்டும் ஏறவில்லை. நடுவில் யாருடைய கூலி ஏறாமல் நின்றிருக்கும்?

இதையெல்லாம் அந்தத் தொழிலதிபர் ஏன் சொல்லவில்லை? மறைக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. அது அவர் கண்ணில் படவே இல்லை. நாம் கஷ்டப்பட்டுப் பெற்றது நினைவில் அப்படியே நிற்கிறது. தூங்காத ராத்திரி நினைவிருக்கும், கடன்காரன் பேசிய பேச்சு நினைவிருக்கும். தானாகக் கிடைத்தது நினைவில் நிற்பதில்லை, ஏனென்றால் அது கிடைத்தபோதே நாம் அதைக் கவனிக்கவில்லை. அதனால் யாரைக் கேட்டாலும் உழைப்பு என்றுதான் சொல்வார்கள். மனதறிந்து, சத்தியமாகச் சொல்வார்கள்.

என்னையும் கேட்கிறார்கள். கிராமத்திலிருந்து வந்து இவ்வளவு எழுதியிருக்கிறீர்களே, எப்படி என்று. என் அக்கா அந்த பஸ்ஸில் போனாள். நான் போகவில்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவள் மூத்தவள் என்பது மட்டும்தான். எங்கள் இரண்டு பேரில் மூளை அவளுக்குத்தான் அதிகம். சனிக்கிழமை கூலி போடும்போது கணக்குப்பிள்ளை ஒரு சட்டத்தைக் குறைத்து எழுதினால், வாரம் முழுக்க அடுக்கியதை நாள்வாரியாக வாயாலேயே ஒப்பித்து நின்ற இடத்தில் திருத்துவாள். பெரியவளாகிப் பெட்டி அடைக்கப் போனபோது குச்சியை எண்ணவே மாட்டாள், கை பிடித்த பிடியில் சரியாக இருக்கும். என் ஜாமெட்ரி பாக்ஸ் அவள் வாங்கித் தந்தது. ராத்திரி வந்து, அதற்குள் இருந்த காம்பஸை எடுத்து வட்டம் போட்டுப் பார்ப்பாள். இது எதுக்குடி என்று கேட்பாள். நான் சொல்லிக் கொடுத்தால் ஒரு தடவையிலேயே புரிந்துகொள்வாள்.

1982இல் சத்துணவு வந்தபோது நான் எட்டு வயதுப் பிள்ளை. நடக்கும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தது, மத்தியானம் சோறு இருந்தது, வீட்டுச் செலவுக்கு அக்காவின் கூலி இருந்தது. அவளுக்கு இந்த மூன்றில் பள்ளிக்கூடம் மட்டும்தான் இருந்தது, அதுவும் மூன்றாம் வகுப்போடு போயிற்று. நான் நன்றாகத்தான் படித்தேன், ராத்திரியெல்லாம் கண் விழித்துத்தான் படித்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் கண் விழித்ததைக் காரணம் என்று சொன்னால் என் அக்கா தூங்கினாள் என்று ஆகிவிடும். அதை என் வாயால் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன் தம்பி. அத்தை மகனைப் பார்த்து மனம் புழுங்குகிறீர்கள். மார்க் உங்களுக்குத்தான் கூட என்று எழுத மறக்கவில்லை. உங்களைப் படிக்க வைக்க யார் என்ன விற்றார்கள், உங்களுக்குப் பின்னால் பிறந்தவர்கள் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அவன் செய்வதைத்தான் நீங்களும் செய்கிறீர்கள்.

அவனை மறுபடி போய்ப் பாருங்கள். கல்யாண வீட்டில் வேண்டாம், அங்கே யாரும் உண்மை பேச மாட்டார்கள். காலண்டர் சீசன் முடிந்து ஓய்வாக இருக்கும்போது போங்கள். எப்படி ஜெயித்தாய் என்று கேட்காதீர்கள், மறுபடியும் உழைப்பு என்பான். முதல் மெஷின் வாங்கப் பணம் யார் கொடுத்தார்கள்? பேங்கில் ஜாமீன் கையெழுத்து யார் போட்டார்கள்? முதல் ஆர்டர் யார் சொல்லி வந்தது? பேப்பர் கடனுக்குக் கொடுத்தவர் யார், எத்தனை நாள் தவணையில்? வருமானம் இல்லாத மாதங்களில் வீட்டில் உலை எப்படிக் கொதித்தது? யாருடைய நகை அடகில் இருந்தது, மீட்டாயிற்றா? ஒவ்வொன்றாகக் கேளுங்கள், பொறாமை இல்லாமல் கேளுங்கள். அவனே ஆச்சரியப்படுவான். அந்தப் பட்டியல் கைக்கு வந்தால்தான் அதில் எது உங்களிடம் இருக்கிறது, எதைத் தேடிக்கொள்ளலாம், எது உங்களுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது என்று தெரியும். உழைப்பு என்ற பதிலை வைத்துக்கொண்டு உங்களை நீங்களே சோம்பேறி என்று திட்டிக்கொள்ளலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. நீங்கள் சோம்பேறி இல்லை.

வேலையை விடுவதா என்று கேட்டிருந்தீர்கள். கொள்முதலில் இத்தனை வருஷம் இருந்தவருக்கு எந்த சப்ளையர் நாணயமானவர், யார் கடைசி நேரத்தில் கையை விரிப்பார் என்று தெரிந்திருக்கும். அதை ஒரு சொத்தாக நீங்கள் எண்ணவே இல்லை, எண்ணுங்கள். ஆனால் தவணை பாக்கி இருக்கும்போது இதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள் மட்டும் இல்லை. உங்கள் நாலரை மணிப் பழக்கத்துக்காக உங்களுக்கு முன்னாலேயே எழுந்து காபி போடுகிற பெண்ணை ஒரே ஒரு வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். அவருக்கும் வேலை உண்டா, தூக்கம் போதுமா, இந்தத் தொழில் யோசனையைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார், ஒன்றுமே எழுதவில்லை. முதலில் அவரிடம் பேசுங்கள். அத்தை மகனிடம் கேட்டுவிட்டு, அந்த விவரங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். தொழில் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

அன்புடன்,
அக்கா