வகுப்பறைக்கு வரும் விருந்தாளி

கேள்வி: நாங்கள் சென்னிமலைப் பக்கத்துச் சிற்றூர்களைச் சேர்ந்த ஏழு பேர். ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், செவிலியர், நூற்பாலைக் கணக்கர் என்று பல தரப்பினர். மனிதநேயக் கொள்கையைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும் என்று கூடினோம். முதல் பள்ளியிலேயே சிக்கல் வந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் பேசிய நண்பர், முன் பெஞ்சில் இருந்த பையனின் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக் காட்டி, “இது உன்னைக் காப்பாத்துமா, உன் மூளை காப்பாத்துமா?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. மறுநாள் தறி ஓட்டும் அவனுடைய அப்பா வந்து, “எம் பையன் கையத் தொட இவங்க யாருங்க?” என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறார். நண்பரோ தாம் சொன்னதில் தவறில்லை என்கிறார். எங்களுக்கென்று நடத்தை விதிகள் எழுதிக்கொள்ள விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு மாவட்டம்)

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

அந்தத் தகப்பனார் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். “நீங்கள் சொன்னது சரியா?” என்று அவர் கேட்கவில்லை, “கையைத் தொட நீங்கள் யார்?” என்றுதான் கேட்டிருக்கிறார். உங்கள் நண்பர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். கயிறு காப்பாற்றுமா என்பதில் எனக்கும் உங்கள் நண்பருக்கும் பெரிய வேறுபாடு இராது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றை நாற்பது பேர் சிரிக்கும்படி நிறுத்தி வைத்துவிட்டு மனிதநேயம் பேசியது அந்தப் பேச்சுக்கே முரண்.

“பெரியார் பிறந்த மாவட்டத்தில் இதைக்கூடப் பேசக் கூடாதா?” என்று நண்பர் கேட்கலாம். பெரியார் பெரும்பாலும் பேசியது பொதுக்கூட்ட மேடைகளில். அங்கே வந்தவர்கள் விரும்பி வந்தவர்கள்; பிடிக்காதவர்கள் எழுந்து போனார்கள், கல் எறிந்தவர்களும் உண்டு. நான் சொல்வதால் நம்பாதீர்கள், உங்கள் அறிவைக் கொண்டு யோசியுங்கள் என்றும் அவர் கூட்டந்தோறும் சொன்னார். வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையால் எழுந்து போகவும் முடியாது, எதிர்த்துப் பேசவும் தெரியாது. வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறது, பின்னால் வகுப்பாசிரியர் நிற்கிறார். எழுந்து போக முடியாதவரிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு ஒன்று இருந்தால் உங்கள் விதிகளில் பாதி தாமாகவே எழுதப்பட்டுவிடும்.

அடுத்து, சொல்லில் உள்ள ஒரு சிக்கல். தமிழில் “மனிதநேயம்” என்றால் பெரும்பாலோர் இரக்கம், உதவி, இரத்ததானம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் பேசப்போவதோ, கடவுளையோ மறுபிறவியையோ சாராமல், பகுத்தறிவையும் பரிவையும் கொண்டே நல்வாழ்வு வாழ முடியும் என்ற வாழ்க்கை நோக்கு. 1952 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் கூடிய மனிதநேய அமைப்புகள் பிரகடனமாக வெளியிட்டு, 2022 இல் கிளாஸ்கோவில் புதுப்பித்த கொள்கை. நன்னெறி வகுப்புக்காகத் தலைமையாசிரியர் தலையாட்டியது முதல் பொருளுக்கு, நீங்கள் பேசியது இரண்டாம் பொருளில் என்றால், பெற்றோருக்கு ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் வருவது இயல்பே. பிரிட்டனில் மனிதநேய அமைப்பு பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது; அங்கே சமயங்களைப் பற்றிக் கற்பிக்கும் பாடவேளையே இருப்பதால், பல நோக்குகளில் ஒன்றைக் கேட்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். நம் பள்ளிகளில் அந்தப் பாடவேளை இல்லை. ஆகவே, அனுமதி கேட்கும் கடிதத்திலேயே என்ன பேசுவீர்கள், என்ன பேச மாட்டீர்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் அதன் நகல் போகட்டும். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு பள்ளி வேண்டாம் என்றால், நன்றி சொல்லித் திரும்பி விடுங்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆய்வுணர்வு ஆகியவற்றை வளர்ப்பதைக் குடிமக்களின் கடமையாகச் சொல்கிறது என்று நண்பர் வாதாடலாம். 1976 இல் 42 ஆவது திருத்தத்தின் வழியே வந்த அந்தக் கடமை எனக்கும் பிடித்தமானது. அதே சட்டத்தின் 28 ஆவது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள். அரசுப் பணத்திலேயே முழுதும் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது. அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளில் வயது வராத பிள்ளையைப் பெற்றோர் சம்மதமின்றிச் சமய போதனையில் உட்கார வைக்கக் கூடாது. உங்கள் பேச்சு சமய போதனை அல்லதான். ஆனாலும் சமயப் பேச்சாளருக்கு நீங்கள் கேட்கும் கட்டுப்பாட்டை உங்களுக்கும் போட்டுக்கொள்வதே நேர்மை. 2024 இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் வெளியிலிருந்து வந்த பேச்சாளர், உடற்குறைக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்ற பொருளில் பேச, பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். நாம் எல்லோரும் அன்று அந்த ஆசிரியர் பக்கம் நின்றோம். உங்கள் நண்பரின் வகுப்பில் அப்படி எழுந்து கேட்க ஒருவரும் இல்லை.

கயிற்றைப் பற்றி இன்னொன்று. பட்டியல் சாதி மாணவர் ஒருவரைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய 2023 நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, சாதி அடையாளமாகும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும் என்று 2024 இல் பரிந்துரைத்தது. அதைச் செயல்படுத்த வேண்டியது பள்ளியும் அரசும். ஒரு பாடவேளைக்கு வந்த விருந்தாளி அல்ல.

சாதி என்றதும் நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பேச்சைத் தொடங்க எளிய வழி என்று நினைத்து, “கண்ணு, உங்க குலசாமி எது? எந்தக் கூட்டம்? வீடு ஊருக்குள்ளயா, காலனியா?” என்று கேட்பவர்கள் உண்டு. இந்த மூன்று கேள்விக்கும் கொங்கு நாட்டில் ஒரே விடைதான், அது சாதி. பெயருக்கு மேல் எந்தப் பிள்ளையிடமும் எதுவும் கேட்காதீர்கள். கன்னத்தைத் தட்டுவது, தலையை வருடுவது, கயிற்றைப் பிடிப்பது எதுவும் வேண்டாம். வகுப்பாசிரியர் அறையை விட்டுப் போனால் பேச்சை நிறுத்திக் காத்திருங்கள். படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவது, தொலைபேசி எண் கொடுப்பது, புத்தகம் விற்பது, கட்சி பேசுவது ஆகியவற்றுக்கு விளக்கமே தேவையில்லை. உறுதிமொழியும் வாங்காதீர்கள், நான் தலைமையாசிரியையாக இருந்தபோது கண்தானம் பற்றிப் பேச வந்த நல்ல மனிதர் ஒருவர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். அடுத்த வாரம் முழுதும் பெற்றோருக்குப் பதில் சொன்னது நான்தான்.

கடினமானது பிள்ளைகள் கேட்கும் கேள்வி. உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும்: “எங்கம்மா பண்ணாரில குண்டம் எறங்குனாங்க, கால் சுடவே இல்லீங்க சார். அது பொய்யுங்களா?” பொய் என்று சொன்னால் தாயைப் பொய்யாக்குகிறீர்கள், உண்மை என்று சொன்னால் உங்களையே பொய்யாக்குகிறீர்கள். “அம்மா நடந்ததும் உண்மை, கால் சுடாததும் உண்மை. விறகுக் கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும், ஒவ்வோர் அடியும் நெருப்பில் படும் நேரமும் குறைவு. நான் அதைக் காரணமாக நினைக்கிறேன். அம்மா அம்மனைக் காரணமாக நினைக்கிறார். அவர் எதற்காக இறங்கினார் என்று வீட்டில் கேட்டுப் பார்” என்று சொல்லலாம். “நான் நினைக்கிறேன்” என்ற இரண்டு சொற்களைப் பல்லைக் கடித்துக்கொண்டாவது ஒவ்வொரு பதிலிலும் சேருங்கள். யாரும் செய்து பார்க்கக் கூடாது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

“செத்தா என்ன ஆவோம்?” என்ற கேள்விக்கு முன்தயாரிப்பு வேண்டும். அண்மையில் யார் வீட்டிலாவது சாவு நடந்திருக்கிறதா என்று வகுப்பாசிரியரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். தகப்பனை இழந்து மூன்று மாதமான பிள்ளைக்கு முன்னால் “அதோடு முடிந்தது” என்று சொல்லி மேலே போகிறவரைக் கொள்கைக்காரர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

எப்போதாவது, பேச்சு முடிந்ததும் ஒரு பிள்ளை ஒதுங்கி வந்து, தனக்கு நடக்கும் தவறான தொடுதலைச் சொல்லலாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; துருவித் துருவிக் கேட்கவும் வேண்டாம். 2012 போக்சோ சட்டத்தின் 19 ஆவது பிரிவு, அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன் என்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் ஏழு பேருக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

இனி உங்கள் நண்பர். அவர் மூன்று வகுப்புகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்கட்டும். அதுவரை பேச வேண்டாம். பையனிடம் தலைமையாசிரியர் முன்னிலையில், வகுப்பைக் கூட்டாமல், அவரே வருத்தம் தெரிவிக்க வேண்டும். வகுப்பைக் கூட்டினால் அது இரண்டாவது காட்சியாகிவிடும். அப்பாவைப் பார்க்க அவரும் இன்னொருவரும் மட்டும் போங்கள். ஏழு பேரும் போய் நின்றால் பஞ்சாயத்துப் போல் இருக்கும். தறி ஓட்டுகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஷிப்ட் என்று விசாரித்து, இரவு ஷிப்ட் என்றால் காலையில் போய் எழுப்பாமல், அவர் தூங்கி எழுந்த பிறகு, நாலு மணிக்கு மேல் போங்கள். கயிற்றைப் பற்றி அவராக எடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்காதீர்கள்.