ஜேனட் எவன்ஸ் நீச்சலில் அப்படி என்ன சாதித்தார்? அப்புறம் என்ன ஆனார்?

நீண்ட தூர ஃப்ரீஸ்டைலில் அவருக்கு ஈடாக வெகுகாலம் யாரும் இல்லை என்பேன். கலிஃபோர்னியாக்காரர். 1988 சியோல் ஒலிம்பிக்கில், 17 வயதில், 400 மீட்டர், 800 மீட்டர் ஃப்ரீஸ்டைல், 400 மீட்டர் தனிநபர் மெட்லி (நான்கு நீச்சல் பாணிகளையும் ஒருவரே நீந்துவது) என மூன்று தங்கம் வென்றார்.

பழைய வீடியோ கிடைத்தால் அவர் கைகளைக் கவனியுங்கள். முழங்கையை மடக்கி உயர்த்துங்கள் என்றுதான் பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வார்கள். இவரோ கையை நேராக நீட்டி, காற்றாலை இறக்கை போலச் சுழற்றுவார். உடல்வாகு சிறியது, ஒரு வீச்சில் அதிக தூரம் போக முடியாது. அதை வீச்சுகளின் வேகத்தால் ஈடுகட்டினார். அந்த வேகத்தைக் கடைசிவரை தளரவிடாமல் வைத்திருந்ததுதான் அசாத்தியம். 1989இல் 800 மீட்டரை 8 நிமிடம் 16.22 விநாடியில் முடித்தார். 2008 வரை அந்த உலக சாதனையை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

1500 மீட்டரிலும் உலக சாதனை அவரிடமே இருந்தது. ஆனால் பெண்களுக்கான அந்தப் போட்டி 2021இல் டோக்கியோவில்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. அவர் காலத்திலேயே இருந்திருந்தால்? நினைத்தால் எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

1992இல் பார்சிலோனாவில் 800இல் மறுபடி தங்கம், 400இல் வெள்ளி. 1996 அட்லாண்டாவில் பதக்கம் இல்லை. ஆனால் தொடக்க விழாவில் ஒலிம்பிக் சுடரை முகமது அலியிடம் கொடுத்தவர் அவர்தான். அத்தோடு ஓய்வு, குடும்பம், மேடைப் பேச்சு. பிறகு 2012இல், இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி, 40 வயதில் அமெரிக்க ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் மீண்டும் குளத்தில் குதித்தார். இறுதிச் சுற்றை எட்டவில்லை. பின்னர் 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் ஏற்பாட்டுக் குழுவில் விளையாட்டு வீரர்களுக்கான தலைமை அதிகாரியாகப் பொறுப்பேற்றார்.