சீட்டின் மூலையில் ஒரு சின்னம்: கேள்வி பதில்

கற்பனை உலகச் சீட்டு விளையாட்டுகளில் மோதிக்கொள்ளும் தரப்புகளுக்குச் சின்னம் வரைவது பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, என் விளையாட்டில் ஆறு தரப்புகள். நெருப்பு மந்திரவாதிகளின் சின்னத்தையே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருக்கிறேன். திருப்தியே வரவில்லை. என்ன செய்ய?

அதை அப்படியே வைத்துவிட்டு மற்ற ஐந்தையும் தொடங்குங்கள். ஒரு சின்னம் சரியாக இருக்கிறதா என்று தனியாக வைத்துப் பார்த்துச் சொல்லவே முடியாது. மற்றவற்றோடு குழம்பாமல் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. ஆறையும் ஒரே தாளில், உள்விவரம் எதுவும் இல்லாமல், கறுப்பு நிழலுருவாகப் போடுங்கள். ஒன்று நெட்டையாக, ஒன்று அகலமாக, ஒன்று கூர்முனைகளோடு, ஒன்று உருண்டையாக, ஒன்று நடுவில் வெற்றிடத்தோடு என்று வெளிவடிவத்திலேயே பிரித்துவிடுங்கள்.

இதற்கு நம்மிடமே அருமையான பாடம் இருக்கிறது: சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல். சோழர் செப்பேட்டு முத்திரைகளில் உட்கார்ந்த புலியோடு இரண்டு கயல்களும் வில்லும் ஒரே வட்டத்துக்குள் வரும். அவ்வளவு நெருக்கத்திலும் எது எது என்று சந்தேகமே வராது. வளைந்த கோடு ஒன்று, கனத்த உடல் ஒன்று, இரு பக்கமும் குவியும் வடிவம் ஒன்று. மூன்று விலங்குகளாக இருந்திருந்தால் இந்தத் தெளிவு கிடைத்திருக்காது. உங்கள் ஆறில் ஓநாய், சிங்கம், கரடி என்று மூன்று தலைகள் இருந்தால் இரண்டை இன்றைக்கே மாற்றுங்கள்.

கேள்வி: காட்டுத் தரப்புக்கு இலை, கடல் தரப்புக்கு அலை. எல்லோரும் போடுவதையே நானும் போடுகிறேனோ என்று தோன்றுகிறது.

அவர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, ஆட்டத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். காட்டுத் தரப்பு எதிராளியின் சீட்டுகளைக் கட்டிப்போடுகிறதா? கொடி முறுகிய முடிச்சு. கழித்த சீட்டுகளைத் திரும்பக் கொண்டுவருகிறதா? வெட்டுண்ட அடிமரத்தில் ஒரு துளிர். இப்படி வரைந்தால், ஆடும் முறையையும் சின்னமே பாதி சொல்லிக்கொடுத்துவிடும்.

அதற்காக எளிய இலையை இகழவும் வேண்டாம். 1993இல் வந்த மேஜிக்: தி கேதரிங் விளையாட்டின் ஐந்து நிறங்களுக்கும் சூரியன், நீர்த்துளி, மண்டையோடு, தீ, மரம் என்பவைதான் அடையாளம். ஒரு சீட்டை ஆட்டத்தில் இறக்கக் கொடுக்க வேண்டிய விலையைக் காட்டும் இடத்திலும், விதி வரிகளுக்கு நடுவே எழுத்தளவிலும் அவை வர வேண்டும். அங்கே எளிமைதான் வேலைக்கு ஆகும். அதே விளையாட்டு 2005இல் ரவ்னிகா தொகுப்புகளைத் தொடங்கியபோது கில்டுகள் எனப்படும் தரப்புகளுக்குக் கொடுத்த சின்னங்கள் இவற்றைவிட நுணுக்கமானவை. அவை எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் மங்கலாக, பெரிதாக அச்சானதால் அந்த நுணுக்கம் தாங்கியது. உங்கள் சின்னம் எங்கே உட்காரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: எவ்வளவு பெரிதாக வரைய வேண்டும்? திரையில் அழகாக இருப்பது அச்சில் அப்பிக்கொள்கிறது.

பரவலாகப் பயன்படும் சீட்டு 63 × 88 மில்லிமீட்டர். அதன் மூலையில் சின்னத்துக்குக் கிடைப்பது ஐந்தாறு மில்லிமீட்டர்தான். திரையில் பெரிதாக்கிப் பார்த்து மயங்காமல், அதே அளவில் அச்செடுத்து, மேசையில் வைத்து, நாற்காலியில் சாய்ந்து பாருங்கள். இருண்ட பின்னணியில் வரும் வெள்ளைக் கோட்டைக் கொஞ்சம் தடிமனாகவே போடுங்கள். சுற்றியுள்ள மை உள்ளே பரவி அதை மெலிய வைக்கும். பெரிய சின்னத்தை அப்படியே சுருக்கிச் சிறியது செய்வதும் வேண்டாம். சிறிய அளவுக்கு விவரங்களைக் குறைத்துத் தனியாக ஒன்று வரையுங்கள். கையில் விசிறி போலப் பிடிக்கும்போது பெரும்பாலும் தெரிவது இடது ஓரம் மட்டுமே என்பதால், இடது மேல் மூலை நல்லது. வெட்டும்போது கத்தி சற்று விலகும், எனவே விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி வையுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு தரப்புக்கும் தனி நிறம் இருக்கிறதே, வடிவத்துக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதத்தினருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாட்டில் ஏதோ ஒரு குறை உண்டு. மற்ற இடங்களிலும் இது அரிதல்ல. மங்கலான மஞ்சள் விளக்கில் எல்லோருக்குமே நிறம் ஏமாற்றும். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்துப் பாருங்கள். ஆறும் பிரிந்து தெரிந்தால், நிறம் அதற்கு மேல் கிடைக்கும் உதவி.

கேள்வி: வானத் தரப்புக்கு மேல் நோக்கிய முக்கோணம், பாதாளத் தரப்புக்குக் கீழ் நோக்கியது. நன்றாக இருக்கிறதல்லவா?

தாளில் நன்றாக இருக்கும். மேசையில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் வானம் பாதாளமாகிவிடும். சீட்டைப் பக்கவாட்டில் திருப்பும் விதி இருந்தால் இரண்டு பேருக்குமே குழப்பம். எந்த இரண்டு சின்னங்களும் திருப்பினால் ஒன்றாகிவிடக் கூடாது.

கேள்வி: குணமாக்கும் தரப்புக்குச் சிவப்புச் சிலுவை போடலாமா? போர்வீரர்களுக்கு வட ஐரோப்பாவின் பழங்கால ரூன் எழுத்து?

இரண்டும் வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட அடையாளம். சிவப்புப் பிறையும் அப்படியே. போர்க்களத்தில் மருத்துவர்களைச் சுடக்கூடாது என்று சொல்லும் குறி அது. அதன் பொருள் நீர்த்துப்போகக் கூடாது என்பதால்தான் விளையாட்டுகளிலும் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கிண்ணம், மூலிகை, கட்டுத்துணி, விரித்த உள்ளங்கை என்று எத்தனையோ வழிகள் இருக்கின்றன. ரூன்களில் சிலவற்றை நாஜிகள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய எஸ்எஸ் படையின் இரட்டை மின்னல் அப்படிப்பட்டதுதான், ஜெர்மனியில் அதைப் பொதுவெளியில் காட்டுவது குற்றம். ஒரு குறியின் வரலாற்றைப் படிக்காமல் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: எந்த மென்பொருள்?

வெக்டர் கோப்பாக, அதாவது எந்த அளவுக்கு மாற்றினாலும் கோடு சிதையாத கோப்பாகச் சேமிக்கும் எதுவும் போதும். இங்க்ஸ்கேப் இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி: முடிந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் ஆறையும் சில விநாடிகள் காட்டி, மூடிவிட்டு, நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். கோணல் மாணலாக வந்தாலும் பரவாயில்லை. இரண்டை ஒன்றாகக் கலந்து வரைந்தால் அந்த இரண்டையும் திருத்துங்கள். ஒன்றை அடியோடு மறந்திருந்தால் அதை மெருகேற்றப் பார்க்காமல் புதிதாகத் தொடங்குங்கள். அடுத்த சோதனைக்கு வேறு ஆளைப் பிடியுங்கள், முதல் ஆளுக்கு இப்போது எல்லாம் பழகிப்போயிருக்கும்.