ஆங்கரைத் தூக்கினால் போதுமா?

கேள்வி: ஒரு சேனலின் காமெடி நிகழ்ச்சியில், போட்டிக்கு வந்த நம் குமரி மாவட்டத்துப் பெண்ணிடம் தொகுப்பாளர், ‘பேசுறது மலையாளமா? தமிழ்நாட்டுக்கு விசா எடுத்தாச்சா?’ என்று கேட்டார். அடுத்து அவருடைய நிறத்தையும் கிண்டல் செய்தார். அரங்கமே சிரித்தது. அந்தத் தொகுப்பாளரை நீக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். ‘ஒரு ஜோக்குக்காக ஒருத்தர் பிழைப்பில் கை வைக்கலாமா?’ என்று சிலர் மறுக்கிறார்கள். உங்கள் கருத்து?
– ஒரு வாசகர், புதுக்கடை

பதில்: அது நேரலையா, பதிவு செய்து ஒளிபரப்பியதா? காமெடிப் போட்டி என்கிறீர்கள், பதிவாகத்தான் இருக்கும். அப்படியானால் உங்கள் கோரிக்கை ரொம்பச் சின்னது. நேரலையில் வாய் தவறுவது வேறு. பதிவு நிகழ்ச்சியில் எழுதிக் கொடுத்தவர், இயக்குநர், எடிட்டர், சேனல் தரப்பில் பார்த்து ஓகே சொன்னவர் என்று இத்தனை பேரைத் தாண்டித்தான் அந்த வசனம் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. வெட்டி எறிய எவ்வளவோ நேரம் இருந்தது. வெட்டவில்லை. புரொமோவிலும் அதையே போட்டார்களா என்று பாருங்கள். போட்டிருந்தால், அதை விற்பனைச் சரக்காகவே நினைத்திருக்கிறார்கள். ஆங்கரை மட்டும் அனுப்பிவிட்டால், மிச்சமிருப்பவர்கள் அடுத்த சீசனில் அதே ஜோக்கை இன்னொருவர் வாயில் வைப்பார்கள்.

2008 அக்டோபரில் பிபிசியின் ‘ரேடியோ 2’ வானொலியில் நடந்ததைச் சொல்கிறேன். ரஸ்ஸல் பிராண்ட், ஜொனாதன் ராஸ் என்ற இரண்டு பிரபலங்கள், 78 வயது நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் தொலைபேசியில் அவருடைய பேத்தியைப் பற்றி ஆபாசமாகப் பேசிப் பதிவு செய்து வைத்தார்கள். அதுவும் நேரலை இல்லை. முன்கூட்டியே பதிவாகி, பிபிசியில் ஆட்கள் பார்த்துச் சம்மதித்த பிறகு ஒலிபரப்பானது. செய்தி பத்திரிகையில் வந்த பிறகு புகார்கள் பல்லாயிரமாகக் குவிந்தன. பிராண்ட் விலகினார். பிபிசி டி.வி.யில் பெரிய நட்சத்திரமாக இருந்த ராஸுக்கு 12 வாரம் சம்பளமில்லாத இடைநீக்கம். அந்த வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்த லெஸ்லி டக்ளஸும் ராஜினாமா செய்தார். மறுவருடம் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம் போட்டது. இதில் எனக்குப் பிடித்தது டக்ளஸ் விலகியதுதான். நம் ஊரில் அந்த நாற்காலிக்காரர் பெயரே வெளியே தெரிவதில்லை.

பிழைப்பைப் பற்றிக் கவலைப்படும் உங்கள் நண்பர்களுக்கு ஒரு தகவல். 2010இல் நியூசிலாந்து அரசுத் தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சித் தொகுப்பாளர் பால் ஹென்றி, கவர்னர் ஜெனரல் ஆனந்த் சத்யானந்தை வைத்து, ‘அடுத்து வருபவராவது தோற்றத்திலும் பேச்சிலும் நியூசிலாந்துக்காரர் மாதிரி இருப்பாரா?’ என்று பிரதமரிடமே கேட்டார். சத்யானந்த் பிறந்தது ஆக்லாந்தில்! டெல்லி முதல்வர் ஷீலா தீட்சித்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததும் இவர்தான். அதற்காக நியூசிலாந்துத் தூதரை இந்திய அரசு கூப்பிட்டுக் கண்டித்தது. கடைசியில் ஹென்றி ராஜினாமா செய்தார். சரி, பட்டினி கிடந்தாரா? 2014இல் வேறொரு சேனலில் அவர் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி. பிரபலங்களுக்கு எப்போதும் இன்னொரு மேடை கிடைக்கும். அந்தப் பெண்ணுக்குத்தான் ஊரில் அந்தக் கிண்டல் பட்டப்பெயராக ஒட்டிக்கொள்ளும்.

விசா கேட்டாரே, அதற்கு வருகிறேன். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களைத் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது 1954 ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் உங்கள் புதுக்கடையிலும். இரண்டு வருடம் கழித்து, 1956 நவம்பர் 1இல்தான் குமரி தமிழகத்தோடு சேர்ந்தது. குண்டடி பட்டுத் தமிழ்நாட்டுக்கு வந்த மாவட்டத்துப் பெண்ணிடம் ஏ.சி. அரங்கில் நின்றுகொண்டு விசா கேட்க ஒருவருக்குத் தைரியம் வருகிறது என்றால், அது தைரியம் இல்லை, படிக்காத குறை.

அதே நேரம் நம் முதுகையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். நாகர்கோவிலில் கல்லூரி விழா மேடைகளில் கடற்கரைக்காரர்களின் பேச்சை மிமிக்ரி செய்தால் விசில் பறக்கிறது. அதற்கு யாரும் கையெழுத்து வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அப்புறம், ‘புண்பட்டேன்’ என்று யார் சொன்னாலும் தண்டனை என்ற வழக்கம் வேண்டவே வேண்டாம். 2016 ஜனவரியில், சாமியார் குர்மீத் ராம் ரஹீமைப் போல டி.வி.யில் நடித்துக் காட்டியதற்காக கிக்கு ஷர்தா என்ற நகைச்சுவை நடிகரை ஹரியானா போலீஸ் கைது செய்தது. மறுவருடம் ஆகஸ்டில் அந்தச் சாமியாரையே பாலியல் வன்கொடுமைக் குற்றவாளி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய மனிதர்களைக் கேலி செய்கிறவரைக் காப்பாற்றத்தான் வேண்டும். மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கும் போட்டியாளரைக் கேலி செய்கிறவருக்கு அந்தப் பாதுகாப்பு எதற்கு?

என்னைக் கேட்டால், முதல் தடவை என்றால் அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், அந்தப் பெண்ணின் ஊரைச் சொல்லி மன்னிப்பு. தொகுப்பாளர் மட்டுமில்லை, ஓகே சொன்ன தயாரிப்பாளரும் கேமரா முன்னால் வந்து கேட்க வேண்டும். மறுபடியும் செய்தால் இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பட்டும், நான் பரிந்து பேச மாட்டேன்.

கையெழுத்துத் தாளைச் சும்மா பேஸ்புக்கில் போட்டு வைக்காதீர்கள். கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6ஆவது விதி இருக்கிறது. ஒரு மொழியினரையோ வட்டாரத்தினரையோ இழிவாகவும் ஏளனமாகவும் காட்டக் கூடாது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அதைக் குறிப்பிட்டு, ஒளிபரப்பான தேதி, நேரத்தோடு சேனலின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2021இல் வந்த திருத்தப்படி 15 நாளில் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டாலோ, சொன்னது திருப்தி இல்லாவிட்டாலோ, சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். கடிதத்தில் தொகுப்பாளரின் பெயரோடு நிறுத்திவிடாமல், நிகழ்ச்சி முடிவில் கடகடவென்று ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி வைத்துப் படித்து, தயாரிப்பாளர், இயக்குநர் பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள்.