இருநூறு பேர் பட்டியலில், இருபது பேர் கூட்டத்தில்

கேள்வி: வடிவமைப்பாளர் சங்கம் ஒன்றின் செயலாளராகப் பொறுப்பேற்று ஆறு மாதம் ஆகிறது. பதிவேட்டில் இருநூற்றுச் சொச்சம் பேர். கூட்டத்துக்கு வருவது இருபது பேர், அதுவும் எப்போதும் அதே இருபது பேர். பிரபலங்களை அழைத்துப் பேச வைத்தோம், விருது விழா நடத்தினோம், வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். எதுவும் எடுபடவில்லை. சந்தா புதுப்பிப்போர் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைகிறது. சங்கத்தின் சின்னத்தை மாற்றிப் புதுப் பொலிவோடு தொடங்கலாம் என்று செயற்குழு சொல்கிறது. செய்யலாமா?

பதில்: சின்னத்தைத் தொடாதீர்கள். இது நம் தொழிலுக்கே உரிய வியாதி. விற்பனை சரிந்துவிட்டது என்று வரும் வாடிக்கையாளர் புது லோகோ கேட்டால், பொருளில் என்ன குறை என்று முதலில் பார்க்கச் சொல்வோம். நம் சங்கம் என்று வந்தால் நாமே அந்த வாடிக்கையாளராகிவிடுகிறோம். புதுச் சின்னத்துக்காக நான்கு மாதம் சண்டை போடுவீர்கள். அந்த நான்கு மாதமும் சங்கம் உயிர்ப்போடு இருப்பது போலவே தோன்றும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

நீங்கள் செய்து பார்த்த மூன்றும் உறுப்பினரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லும் காரியங்கள். பேச்சைக் கேட்க வேண்டும், விருது வாங்குபவருக்குக் கை தட்ட வேண்டும், குழுவில் வரும் செய்திகளைப் புரட்ட வேண்டும். நல்ல பேச்சு வீட்டிலிருந்தபடியே எத்தனையோ கிடைக்கிறது. சங்கத்துக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லை. ஆகவே உறுப்பினர்களை எப்படி வரவழைப்பது என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஒரு வடிவமைப்பாளர் தனியாக இருந்து பெற முடியாதது எது என்று கேட்டுப் பாருங்கள்.

அதற்கான விடையை உங்கள் செயற்குழு அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. தொலைபேசியை எடுத்துப் பதினைந்து பேரிடம் பேசுங்கள்: சந்தாவைப் புதுப்பிக்காத ஐந்து பேர், சேர்ந்து ஓராண்டாகியும் எட்டிப் பார்க்காத ஐந்து பேர், ஒரு காலத்தில் ஓடியாடி வேலை செய்துவிட்டுத் திடீரென்று காணாமல் போன ஐந்து பேர். மூன்றாவது வகையினரிடம் கிடைப்பதுதான் தங்கம். படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். அதை நிரப்பப் போகிறவர்களும் அந்த இருபது பேர்தான். அமைப்பின் மீது மனக்குறை வந்தவருக்கு முன்னே இரண்டு வழிகள் உண்டு, குரல் கொடுப்பது அல்லது வெளியேறுவது என்று பொருளியலாளர் ஆல்பர்ட் ஹர்ஷ்மன் 1970-இல் எழுதினார். உங்கள் சங்கத்தில் குறை சொல்ல யாரும் வருவதில்லை என்றால் குறையே இல்லை என்று பொருளல்ல. சொல்லிப் பயனில்லை என்று முடிவுகட்டி அவர்கள் வாசலைத் தாண்டிவிட்டார்கள்.

பேசும்போது, சங்கம் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். மரியாதைக்காக, இன்னும் நிறைய நிகழ்ச்சிகள் நடத்தலாமே என்பார்கள், நடத்தினால் வரமாட்டார்கள். கடந்த மூன்று மாதத்தில் தொழிலில் எது உங்களைத் தூங்கவிடாமல் செய்தது, அப்போது யாரிடம் போய்க் கேட்டீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கான பதிலில் சங்கத்தின் பெயர் வராது. அந்த இடம்தான் உங்களுக்கு வேண்டியது.

பெரும்பாலும் என்ன வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். எவ்வளவு கட்டணம் கேட்பது என்று தெரியவில்லை. எட்டாவது திருத்தத்துக்கும் காசு தரமாட்டேன் என்கிறார்கள். வேலையைத் தரும் முன்பே இலவசமாக மூன்று மாதிரி கேட்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வரைந்த படத்தைக் கொண்டுவந்து, இதைக் கொஞ்சம் சரிசெய்தால் போதும், பாதிப் பணம் தருகிறேன் என்கிறார்கள். நிறுவனத்தில் நான் ஒருவர்தான் வடிவமைப்பாளர், என் வேலை நன்றாக இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை.

கட்டணத்தில் தொடங்குங்கள். இங்கே ஒரு பழைய சிக்கல் உண்டு. பெரிய குழு ஒன்று எல்லோருக்கும் பொதுவான நன்மைக்காக உழைத்தால், உழைக்காதவருக்கும் அந்த நன்மை போய்ச்சேரும். பிறகு ஏன் ஒருவர் மெனக்கெட வேண்டும்? 1965-இல் மான்கர் ஓல்சன் என்ற பொருளியலாளர் இதை விளக்கினார். பங்கெடுத்தவருக்கு மட்டுமே கிடைக்கும் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே கட்டண விவரம் திரட்டும் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தி, விவரம் தந்தவருக்கே முழு அட்டவணை என்று வையுங்கள். மற்றவர்களுக்கு ஒரு பக்கச் சுருக்கம் போதும். ஐந்தாண்டாக முகம் காட்டாதவர்கூடப் படிவத்தை நிரப்புவார்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதற்குக் குறைவாக யாரும் வேலை செய்யக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டுவிட வேண்டாம். கேட்க வீரமாக இருக்கும். பல நாடுகளில் அது, வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தில் போய் மாட்டும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் தேசியச் சங்கம், உறுப்பினர்கள் கட்டணத்தில் ஒருவரோடொருவர் போட்டியிடக் கூடாது என்று வைத்திருந்த விதியை, அரசு வழக்கின் விளைவாக 1972-இல் கைவிட வேண்டியதாயிற்று. ஆகவே முடிந்துபோன வேலைகளின் கட்டணத்தை மட்டும் கேளுங்கள். யாருடைய பெயரும் தெரியாதபடி சேருங்கள். ஒரு வகை வேலைக்கு நான்கைந்து பேர்தான் விவரம் தந்திருந்தால் அந்த வரியை வெளியிடாதீர்கள். ஒரே தொகையாகச் சொல்லாமல் இதிலிருந்து இதுவரை என்று வீச்சாகத் தாருங்கள். அச்சுக்குப் போகும் முன் ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். அமெரிக்காவின் கிராஃபிக் ஆர்ட்டிஸ்ட்ஸ் கில்டு என்ற அமைப்பு கட்டணமும் தொழில் நெறியும் பற்றிய தன் கையேட்டை 1973-இல் முதலில் வெளியிட்டது, பிறகு பல முறை திருத்திப் பதிப்பித்திருக்கிறது. உறுப்பினர் அல்லாதவரும் தேடிப்போய் வாங்கும் பொருள் ஒன்று கையிலிருந்தால், சங்கம் எதற்கு என்ற கேள்வியே எழுவதில்லை.

இரண்டாவது, கூட்டத்தைக் குறைத்துப் பட்டறையைக் கூட்டுங்கள். முடிந்த வேலையைத் திரையில் காட்டிப் பெருமைப்படும் நிகழ்ச்சியைச் சொல்லவில்லை. முடியாத வேலையை மேசைமேல் வைத்து, இந்த இடத்தில் சிக்கிக்கொண்டேன் என்று சொல்லும் அமர்வைச் சொல்கிறேன். ஆறு முதல் எட்டுப் பேர், ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம். வேலையைக் கொண்டுவருபவர் தன் கேள்வியை முதலில் சொல்ல வேண்டும். எப்படி இருக்கிறது என்று பொதுவாகக் கேட்கக் கூடாது. வாடிக்கையாளரின் இரகசியம் அறைக்கு வெளியே போகக் கூடாது. ஒப்பந்தம் தடுக்கும் வேலையைக் கொண்டுவரவே கூடாது. மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம்.

நான் இருந்த ஒரு சங்கத்தில் இப்படித் தொடங்கியபோது முதல் இரண்டு அமர்வுகளும் படுத்துவிட்டன. எல்லோரும் பளபளவென்று முடித்த வேலையையே கொண்டுவந்தார்கள், நாங்களும் பாராட்டிவிட்டு எழுந்தோம். மூன்றாவது அமர்வில், முப்பதாண்டு அனுபவமுள்ள ஒருவர், வாடிக்கையாளர் மூன்று முறை திருப்பி அனுப்பிய பொட்டல வடிவமைப்பை எடுத்துவந்து, எனக்கு இது பிடிபடவே இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் இளையவர்களுக்கு வாய் திறந்தது. ஆகவே முதல் அமர்வுக்கு உங்கள் சங்கத்தின் மூத்தவர் ஒருவரை முன்கூட்டியே பிடித்து, தோற்றுப்போன வேலை ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சம்மதிக்க வைப்பது கடினம். அந்தக் கடினமான வேலைக்குத்தான் செயலாளர்.

மூன்றாவது, பொதுப் பயனுள்ள வேலை ஒன்றை எடுங்கள். விமான நிலையங்களில் நாம் பார்க்கும் கழிப்பறை, சுமை, படிக்கட்டு, தொலைபேசிக் குறியீடுகளின் பின்னால் ஒரு சங்கம் இருக்கிறது. 1914-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஏ.ஐ.ஜி.ஏ. என்ற வடிவமைப்பாளர் சங்கம், அமெரிக்கப் போக்குவரத்துத் துறையோடு சேர்ந்து 1974-இல் 34 குறியீடுகளை வெளியிட்டது. 1979-இல் மேலும் 16 சேர, மொத்தம் 50 ஆயிற்று. தாமஸ் கைஸ்மர் தலைமையில் ஐந்து வடிவமைப்பாளர்கள் கொண்ட குழு, உலகின் பல இடங்களில் புழங்கிய குறியீடுகளைத் திரட்டி ஒப்பிட்டு, எது புரிகிறது, எது புரியவில்லை என்று மதிப்பிட்டது. அதன் பரிந்துரைப்படி ரோஜர் குக், டான் ஷனாஸ்கி இருவரின் நிறுவனம் வரைந்தது. இன்றும் அவற்றை யாரும் இலவசமாக எடுத்தாளலாம். ஐந்து பேர், ஒரு கேள்வி, ஒரு முடிவு. இருநூறு பேரும் கிளர்ந்தெழ வேண்டியதில்லை. உங்கள் அளவுக்கு மருத்துவமனை ஒன்றின் வழிகாட்டிப் பலகைகளோ, அரசுப் படிவம் ஒன்றோ போதும். ஆனால் அதற்கு யாராவது பணம் தரட்டும். இலவச மாதிரி கேட்பதைக் கண்டித்துத் தீர்மானம் போட்டுவிட்டு, ஆண்டு விழாச் சுவரொட்டிக்கு உறுப்பினர்களிடையே போட்டி அறிவிக்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் சங்கம் அப்படிச் செய்ததுண்டா என்று பழைய சுற்றறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள்.

இனி, ஆட்களைக் கேட்கும் முறை. விருப்பமுள்ளோர் தொடர்புகொள்ளலாம் என்ற வரிக்கு யாரும் தொடர்புகொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெயர் சொல்லி ஒருவரை அழைத்து, மாதிரி ஒப்பந்தத்தில் முன்பணம் பற்றிய பிரிவை மட்டும் வரும் சனிக்கிழமைக்குள் படித்துச் சொல்வீர்களா என்று கேளுங்கள். வேலை சிறிதாக இருக்க வேண்டும், முடியும் நாள் தெரிய வேண்டும், ஏன் அவரையே கேட்கிறீர்கள் என்பதும் புரிய வேண்டும். அவர் செய்து முடித்ததும் அடுத்த வேலையை உடனே தலையில் கட்டாதீர்கள். காணாமல் போன அந்த ஐந்து பேரில் பாதிப் பேர் போனதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

புதிதாகச் சேர்பவருக்கு முதல் மூன்று மாதம் முக்கியம். முதல் வாரத்தில் ஒருவர் அழைத்துப் பேசட்டும், முதல் மாதத்தில் அவரைப் போன்ற தொழில் செய்யும் இரண்டு மூன்று பேரை அறிமுகப்படுத்துங்கள், மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஒரு சிறு வேலை கொடுங்கள்.

சங்கடமான விஷயமும் ஒன்று உண்டு. அந்த இருபது பேரும் சங்கத்தைத் தாங்கியவர்கள்தான். அதே நேரத்தில், புதியவர் உள்ளே வந்தால் அவருக்கு ஏற்கெனவே பேசிப் பழகிய ஒரு குடும்பத்தின் வரவேற்பறைக்குள் நுழைந்த உணர்வுதான் வரும். செயற்குழுப் பதவிக்கு இரண்டாண்டு, தொடர்ந்து இரு முறைக்கு மேல் இல்லை என்று விதி செய்யுங்கள். எதிர்ப்பு வரும். நிகழ்ச்சி நிரலிலும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். 1963 நவம்பரில் லண்டனில் வடிவமைப்பாளர் சங்கமொன்றின் கூட்டத்தில், கென் கார்லண்ட் என்பவர் உட்கார்ந்த இடத்திலேயே ஓர் அறிக்கை எழுதினார். நம் திறமையெல்லாம் அற்பப் பொருள்களை விற்கும் விளம்பரத்திலேயே வீணாகிறதே என்பது அவர் ஆதங்கம். அதை எழுந்து வாசித்தார். அவரோடு சேர்த்து 22 பேர் கையெழுத்திட, 1964 தொடக்கத்தில் அச்சாகி வெளிவந்த அந்த அறிக்கையைப் பற்றி இன்றும் பேசுகிறோம். நன்றியுரைக்கு நேரமாகிவிட்டது என்று அன்று யாராவது அவரை உட்கார வைத்திருக்கலாம்.

விருது விழாவை நிறுத்த வேண்டியதில்லை. வரவு வந்தால் சரி, அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சந்தாவைக் குறைக்கவும் வேண்டாம், தவணை முறை போதும். வேலையிழந்தவருக்கு ஓராண்டு விலக்குக் கொடுங்கள், பட்டியலிலிருந்து பெயரை எடுக்காமல்.

ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்க்கும்போது கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணாதீர்கள். சங்கத்துக்காக ஒரு முறையேனும் ஏதேனும் செய்த வெவ்வேறு ஆட்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இன்று இருபது. நாற்பதானால் பிழைத்துக்கொண்டீர்கள், பதிவேடு நூற்றைம்பதாகச் சுருங்கியிருந்தாலும்.

இந்த வாரமே அழைக்கத் தொடங்குங்கள். சந்தாவைப் புதுப்பிக்காதவரிடம் பேசும்போது சந்தாவைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்க வேண்டாம். அவராகவே கேட்டால், இப்போது அதற்காக அழைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.