இல்லாத நிலையம் கேட்கிறதே! இன்டர்மாடுலேஷன் கேள்வி பதில்

கேள்வி: சென்னையில் இருக்கிறேன் சார். என் எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியில் செருகும் சிறு ரேடியோ ரிசீவர்) 119.3 மெகாஹெர்ட்ஸில் பாட்டுச் சத்தம் வருகிறது. அங்கே எஃப்எம் நிலையமே கிடையாதே?

பதில்: கிடையாதுதான். 106.4-ஐ இரண்டால் பெருக்கி, 93.5-ஐக் கழித்துப் பாருங்கள். 119.3! இரண்டு அலைவரிசையிலும் உங்கள் ஊரில் எஃப்எம் நிலையங்கள் இருக்கின்றன. இரண்டும் பலமாக நுழைந்தால் டாங்கிளே அவற்றைக் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். இதுதான் இன்டர்மாடுலேஷன். முதலில் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவைக் குறையுங்கள். போதவில்லையா, 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எஃப்எம் பட்டையைத் தடுக்கும் ஃபில்டரை ஆன்டெனா பக்கம் போடுங்கள். ப்ரீஆம்ப் (ரிசீவருக்கு முன் சிக்னலைப் பெருக்கும் கருவி) இருந்தால் ஃபில்டர் அதற்கும் முன்னால் வர வேண்டும். பின்னால் போட்டால் ப்ரீஆம்புக்குள்ளேயே கலந்துவிடும்.

கேள்வி: அது ரேடியோவுக்குள் பிறக்கிறதா, வெளியிலிருந்தே வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நல்ல கேள்வி. ஆன்டெனா வழியில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சாதனம்) ஒன்றைச் சேருங்கள். வெளியிலிருந்து வரும் சிக்னல் 10 டெசிபெல்தான் குறையும். உள்ளே பிறந்த மூன்றாம் படிக் கலவை (மேலே இரண்டால் பெருக்கிக் கழித்தது போன்றது) சுமார் 30 குறையும், பெரும்பாலும் காணாமலே போய்விடும். எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவான, நம்பகமான சோதனை வேறில்லை. 10 மட்டும் குறைந்தால் மொட்டைமாடிக்குப் போங்கள். துருப்பிடித்த போல்ட், தளர்ந்த கனெக்டர் கூட டயோடு மாதிரி வேலை செய்து சிக்னல்களைக் கலந்துவிடும். மழை பெய்தால் கூடிக் குறைகிறது என்றால் சந்தேகம் அங்கேதான்.

கேள்வி: இரண்டு சிக்னல் ஜெனரேட்டர் வைத்து ரிசீவரைச் சோதிக்கிறேன். எண்கள் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன.

பதில்: ஒன்றின் சிக்னல் மற்றதற்குள் நுழைந்து அங்கேயே கலக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றின் வெளியீட்டிலும் 10 டெசிபெல் பேட் (அட்டெனுவேட்டர்தான்) போட்டு, அப்புறம் காம்பைனரில் (இரண்டையும் ஒன்றாக்கும் சாதனம்) சேருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் 40 மீட்டர் அமெச்சூர் ரேடியோ பட்டையில் எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) முறையில் பேசினால் பக்கத்து அலைவரிசை வரை கரகரப்பு பரவுகிறதாம். பவரைக் கூட்டியது தப்பா?

பதில்: பவரை விட மைக் கெயின் மேல்தான் எனக்குச் சந்தேகம், தம்பி. டிரான்ஸ்மிட்டரை டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரை வெப்பமாக்கும் சுமை) இணைத்து, 700, 1900 ஹெர்ட்ஸ் என இரண்டு தொனிகளைச் சம அளவில் கொடுத்து ஆஸிலாஸ்கோப்பில் பாருங்கள். அலையின் உச்சி உருண்டையாக இருக்க வேண்டும். தட்டையாகிவிட்டால் லீனியர், அதாவது பவர் ஆம்ப்ளிஃபையர் திணறுகிறது, தொனிகள் அங்கே கலந்து பக்கத்தில் பரவுகின்றன. உச்சி மறுபடி உருளும்வரை டிரைவை (அதற்குக் கொடுக்கும் சிக்னல் அளவை) குறையுங்கள். ஏஎல்சி (டிரைவைத் தானாகக் கட்டுப்படுத்தும் சுற்று) முள் பேச்சின் உச்சத்தில் லேசாக அசைந்தால் போதும். பவர் பாதியானாலும் எதிர்முனையில் 3 டெசிபெல்தான் குறையும், பக்கத்தில் பேசுபவருக்கோ பெரிய நிம்மதி.