வௌவாலைத் தொட்ட மகனுக்கு ஊசி வேண்டுமா?

வெள்ளவத்தை வீட்டு மாமரத்தடியில் விழுந்து கிடந்த பழந்தின்னி வௌவாலை மகன் கையால் தூக்கிவிட்டான், காயம் தெரியவில்லை, மரத்தையே வெட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரம் கிடக்கட்டும், முதலில் பிள்ளை. வௌவாலின் பல் கூர்மையானது. கடித்த தடம் கண்ணில் படாமலும் போகும். கையைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் இன்றைக்கே பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். விசர்நோய் (ரேபிஸ்) ஊசி தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அந்த ஊசி நாய் கடித்தால்தானே என்று இருந்துவிடாதீர்கள். பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில், இதே பழந்தின்னி வௌவால்களில், விசர்நோய் வைரசுக்கு உறவான ஒன்றைக் கண்டுபிடித்து ஊர்ப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

வௌவால் செத்திருந்தால் புதைக்க வேண்டாம். தடித்த கையுறையோடு எடுத்து, பையில் கட்டி, ஐஸ் கட்டி போட்ட பெட்டியில் வையுங்கள். பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் விசர்நோய்ப் பரிசோதனை செய்வார்கள்.

மரத்தை வெட்டுவது வீண். விகாரமகாதேவிப் பூங்காவில் கூட்டமாகத் தொங்குகின்றன, கீழே நாம் நடந்துதான் போகிறோம். கொறித்துப் போட்ட மாம்பழத்தை மட்டும் பிள்ளைகள் தொடாமல் பாருங்கள். (அணில் கடித்தது இனிக்கும் என்று எங்கள் அம்மா இன்னும் பொறுக்குவார், அது வேறு சண்டை.)